எங்கே இறங்கணும் என்று முதலில் சொல்

பொன்மலை, திருச்சி

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில், "எந்த ரயிலா இருந்தா என்னப்பா, இருக்கிறதிலேயே வேகமா போறதுல ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோனது. இதை மடித்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள். லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டில் இறங்கியதும் ஒருதரம் பிரித்துப் பார்.

34 வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். "எந்த வண்டி சார் சீக்கிரம் போகும்?" என்று வந்து கேட்காத ஆள் இல்லை. "நீங்க எங்கே இறங்கணும்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் எந்த வண்டியையும் நல்ல வண்டி என்று சொல்லிவிட முடியாது. நீயே மீனம்பாக்கத்தில் விமானம் விட்டு இறங்கினால் மெட்ரோ பக்கமே போகமாட்டாய். ரோட்டைத் தாண்டித் திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்து, தாம்பரம் போய்த்தான் திருச்சி வண்டி ஏறுவாய். மெட்ரோ வசதிதான், குளுகுளு என்று இருக்கும். ஆனால் அது போகிற திசை வேறு, உன் ஊர் இருக்கிற திசை வேறு. லண்டனிலும் இதே கணக்குதான்.

ஹீத்ரோ இருப்பது லண்டனுக்கு மேற்கே. உன் விடுதி இருக்கிற மைல் எண்ட் ஊரின் கிழக்கே. ஆக, ஊரைக் குறுக்கே முழுசாகக் கடந்தாக வேண்டும். அதற்கு மூன்று வழி இருக்கிறது.

ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 1998-லிருந்து ஓடுகிறது. 2, 3 டெர்மினல்களிலிருந்து, நகரத்துக்குள் இருக்கிற பேடிங்டன் ஸ்டேஷனுக்குப் பதினைந்தே நிமிஷம், நடுவில் எங்கேயும் நிற்காது. அன்றைக்கே டிக்கெட் எடுத்தால் 25 பவுண்டு அளவில் வரும், ரொம்ப நாள் முன்னாலேயே எடுத்து வைத்தால் குறையும். 2019-இல் நானும் அம்மாவும் முதல்முறை போனபோது உன் அண்ணன் எங்களை இதில்தான் கூட்டிப்போனான். ரயிலில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பெட்டி வைக்கத் தட்டு, மெத்தென்ற இருக்கை, கண்ணை மூடித் திறப்பதற்குள் பேடிங்டன்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். அவன் அப்போது ஈஸ்ட் ஹாமில் இருந்தான். எக்ஸ்பிரஸ் 6, 7-ஆம் பிளாட்பாரத்தில் வந்து நிற்கும். நாங்கள் பிடிக்க வேண்டிய ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் அதே ஸ்டேஷனின் இன்னொரு கோடியில். சாயந்திரம் ஐந்தரை மணி, ஆபீஸ் விடுகிற நேரம். இருபத்து மூன்று கிலோ பெட்டி இரண்டு, அதில் ஒன்றுக்கு ஒரு சக்கரம் உடைந்துவிட்டது. அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, அம்மா நடக்க முடியாமல் இன்னொரு பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி. "கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன்" என்றாள். இரண்டு வண்டியை விட்டோம், மூன்றாவதில் இடித்துப்பிடித்து ஏறினோம். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே கரைந்துபோனது. அம்மாவின் முகம் அன்றைக்கு வெளுத்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ தனியாகப் போகிறாய். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பிக்கடில்லி லைன் 1977-லேயே ஹீத்ரோவுக்கு வந்துவிட்ட டியூப், அதாவது சுரங்க ரயில். மூன்றிலும் இதுதான் மலிவு. நகர மையத்துக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ரயில் பெட்டி குறுகல், ஏசி கிடையாது, வழிநெடுக நின்று நின்று போகும். அதற்காக இதைத் தள்ளிவிடாதே. எதிர்வீட்டுப் பையன் ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம் படித்தான். அவனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஏறினால் ஏறினதுதான், மாறவே வேண்டாம்.

உனக்கானது எலிசபெத் லைன். 2022 மே 24-இல் நகர மையத்துச் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். 2023-இல் நாங்கள் இரண்டாம் முறை போனபோது இதில்தான் வந்தோம். ஒன்பது பெட்டி, வண்டியின் நீளம் 200 மீட்டருக்கு மேல். ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடி வரைக்கும் தடுப்பே இல்லாமல் தெரிகிறது. ஆயுசு முழுக்க ரயிலோடு இருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்! பேடிங்டனுக்கு அரைமணி. ஆனால் அங்கே இறங்க வேண்டியதில்லை, அதே வண்டி அப்படியே நகரத்துக்கு அடியில் புகுந்து கிழக்கே போய்விடுகிறது. மைல் எண்டுக்குப் பக்கத்தில், நீ இறங்க வேண்டிய வைட்சாப்பலுக்கு ஏறக்குறைய முக்கால் மணி. கட்டணம் எக்ஸ்பிரஸில் பாதிக்குச் சற்று மேலே வரும்.

வைட்சாப்பல் தாண்டித்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அபே வுட்டுக்கு, இன்னொன்று ஷென்ஃபீல்டுக்கு. நீ வைட்சாப்பலிலேயே இறங்கப் போவதால் எதில் ஏறினாலும் சரிதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஹீத்ரோவில் எக்ஸ்பிரஸும் எலிசபெத்தும் ஒரே பிளாட்பாரத்துக்கு வரும். போர்டில் அபே வுட் அல்லது ஷென்ஃபீல்டு என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு ஏறு. அவசரத்தில் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டால் அந்தக் கட்டணம்தான் பிடிப்பார்கள். உன் டிக்கெட்டில் டெர்மினல் எது என்றும் பார்த்துக்கொள். 2-க்கும் 3-க்கும் ஒரே ஸ்டேஷன், 4-க்கும் 5-க்கும் தனித்தனி. எல்லாவற்றுக்கும் எலிசபெத் வரும்.

கவுன்டரில் நின்று டிக்கெட் எடுக்க வேண்டாம். பவுண்டு போட்டு வைத்திருக்கிற அந்தக் கார்டையே கேட்டில் வைத்துவிட்டுப் போகலாம். எந்தக் கார்டை வைத்து உள்ளே போனாயோ அதே கார்டைத்தான் வெளியே வரும்போதும் வைக்க வேண்டும். உள்ளே கார்டு, வெளியே போன் என்று மாற்றிவிடாதே. இரண்டு தனிப் பயணமாகக் கணக்கு விழுந்து, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் போய்விடும்.

எலிசபெத்தில் பெட்டி வைக்கத் தனித் தட்டு கிடையாது. வண்டி கிளம்பும்போது சக்கரப் பெட்டி தானாக உருண்டு ஓடும். உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள். நீ ஏறுவது ஏர்போர்ட்டில், அதனால் உட்கார இடம் கிடைக்கும்.

வைட்சாப்பலில் லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் இரண்டாவது ஸ்டேஷன் மைல் எண்ட். ஆனால் அங்கே லிஃப்ட் கிடையாது, படி ஏறித்தான் வெளியே வர வேண்டும். இரண்டு பெட்டியோடு நீ அதைச் செய்ய வேண்டாம் பாப்பா. வைட்சாப்பலிலேயே மேலே வந்து ஒரு டாக்ஸி வைத்துக்கொள். கொஞ்ச தூரம்தான். மற்றதில் எல்லாம் சிக்கனம் பார், இதில் பார்க்காதே. பெட்டி இல்லாத நாளில் 25-ஆம் நம்பர் பஸ் அதே ரோட்டில் போகும்.

அப்புறம், நீ இறங்குவது ஞாயிற்றுக்கிழமை. நம் ஊரில் லைன் பிளாக் எடுப்பது போல அங்கே சனி, ஞாயிறில்தான் தண்டவாள வேலைக்குப் பாதையை மூடுவார்கள். முதல்நாள் ராத்திரியே பார்த்து வைத்துக்கொள். எலிசபெத் ஓடவில்லை என்றால் கலங்காதே. பிக்கடில்லியில் ஏறி ஹாமர்ஸ்மித்தில் இறங்கு. அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் வந்து நிற்கும். ஒரு படிகூட ஏற வேண்டாம். மெதுவாகப் போகும், ஆனால் நேராக மைல் எண்டில் கொண்டுபோய் விட்டுவிடும். மைல் எண்ட் படியில் பெட்டியைத் தூக்க யாரிடமாவது உதவி கேள், கூச்சப்படாதே. அம்மாவுக்கு முன்பின் தெரியாத ஒரு பையன் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

அண்ணன் மான்செஸ்டரிலிருந்து வந்து கூட்டிப்போகிறேன் என்றான். நீதான் வேண்டாம் என்றுவிட்டாய். சரி, எனக்கும் அதில் வருத்தமில்லை. உன்னால் முடியும்.

வழியில் சவுத்ஹால் வரும்போது ஜன்னல் பக்கம் பார். ஸ்டேஷன் பெயரைப் பஞ்சாபி எழுத்திலும் போட்டிருப்பார்கள். வைட்சாப்பலில் வங்காளியில் இருக்கும். போன தடவை அதைப் பார்த்துவிட்டு அம்மா, "ஈஸ்ட் ஹாமில் எப்போங்க தமிழ்ல போடுவாங்க?" என்று கேட்டாள். அந்த வங்காளிப் பலகையை ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பு. நீ அங்கே இறங்கும்போது இங்கே ராத்திரி பதினொன்றரை ஆகியிருக்கும். விழித்துத்தான் இருப்போம்.

புதுப் பெட்டி வாங்கும்போது நான்கு சக்கரத்தையும் தரையில் உருட்டிப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா