ப்ளாங்க்கில் வந்த பீக்

அம்மு,

ஞாயிறு போன் வரும் வரும் என்று பார்த்து இது ஐந்தாவது வாரம். வேலை இருக்கும், சரி. இரவெல்லாம் கருவிக்குப் பக்கத்தில் உட்காராதே. கண் என்னத்துக்கு ஆகும்? அப்புறம், ப்ளாங்க் சார்ட், அதுதான் கல்லே போடாமல் ஓட்டிப் பார்த்த தாள், எதையும் எறிந்துவிடாதே.

அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம். குட்டி உன்னை மாதிரியே கல் பொறுக்குகிறாள். "அத்தை தேடுற பாசி கல்லுக்குள்ள எப்படி இருக்கும் பாட்டி?" என்று நேற்று கேட்டாள். பாசி இருக்காது, அதன் செல் சவ்வில் இருந்த கொழுப்பின் எலும்புக்கூடு மட்டும் இருக்கும் என்றேன். ஸ்டெரால் என்ற அந்தக் கொழுப்பு புதைந்து, சூடேறி, மற்றதையெல்லாம் இழந்து ஸ்டெரேனாகிவிடும். ஆனால் கார்பன் கூடு கலையாது. அதில் 27 கார்பன் மிகுந்திருந்தால் பெரும்பாலும் சிவப்புப் பாசி, 29 என்றால் பச்சைப் பாசி. எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையை உன்னிடம் சொல்ல நீ போனை எடுக்க வேண்டுமே.

இந்த வாரம், பழைய பாறைகளில் இந்த ஸ்டெரேனைத் தேடும் விஞ்ஞானி ப்ராக்ஸின் கட்டுரைகளை மறுபடி எடுத்து வைத்துப் படித்தேன். 1999-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா களிப்பாறையில் 270 கோடி ஆண்டுப் பழைய ஸ்டெரேன் கிடைத்தது என்று எழுதியவர்களில் முதல் பெயர் அவருடையது. அது பாறையோடு பிறந்ததல்ல, பின்னால் வந்து சேர்ந்தது என்று 2008-ல் எழுதியவர்களிலும் அவர் இருக்கிறார். 2015-ல், மாசு படாமல் தனிக் கவனத்தோடு துளைத்தெடுத்த பாறையைப் பல ஆய்வகங்கள் பார்த்து, ப்ளாங்க்கைத் தாண்டி ஒன்றுமில்லை என்று சொன்ன கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. அத்தோடு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. கடலில் பாசி பெருகியது 65.9 கோடி ஆண்டுகளுக்கும் 64.5 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அந்த இடைவெளியில், பூமி உறைந்த இரண்டு பனிக்காலங்களுக்கு நடுவே என்று 2017-ல் காட்டியது அவருடைய குழுதான். 2023-ல் 164 கோடி ஆண்டுப் பாறையில் ஸ்டெராலுக்கு உறவான ஆதி வடிவ ஸ்டீராய்டுகளைக் கண்டதும் அவர்கள்தான். அதுவரை எல்லோரும் இன்றைய உயிர்களின் வடிவத்தையே தேடிக்கொண்டிருந்தார்கள்.

நீ தூங்கு. கல்லை பிளாஸ்டிக் பையில் சுற்றாதே. வெளிப்பக்கத்தை அறுத்துத் தனியாகவும் உட்பக்கத்தைத் தனியாகவும் பார். ரம்பத்தைக் கழுவியதையும் ஒருமுறை கருவியில் ஓட்டிப் பார். உனக்குத் தெரியாதது இல்லை. ப்ளாங்க் சார்ட்டை எறியாதே.

கடைசியாகப் பேசியபோது "ப்ளாங்க்கிலும் 29 வருதும்மா" என்றாய். உடனே அண்ணியைப் பற்றிக் கேட்டாய். நானும் அண்ணியைப் பற்றியே பேசிக்கொண்டு போனேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் லேபில் தண்ணீர் மாதிரிகளில் எண்ணெய் பார்த்த காலம். ஒரு நாள் ப்ளாங்க்கிலேயே பீக், கோட்டில் ஒரு முகடு, வந்தது. மாதிரியே போடாததில் எண்ணெய் தெரிந்தால் அது வேறெங்கிருந்தோ ஒட்டிய அழுக்கு. அன்று மாலை அறிக்கை போக வேண்டும். அந்தச் சார்ட்டை மடித்து வைத்துக்கொண்டேன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவி மறுபடி ஓட்டினேன், இரண்டாவது ப்ளாங்க் சுத்தமாக வந்தது. அதை இணைத்து, மாதிரிக்கு முதல் ஓட்டத்தில் வந்த அளவையே எழுதி அனுப்பினேன். திரும்ப ஓட்ட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. அந்த அளவை வைத்து யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அதற்குப் பிறகுதான் உங்கள் இருவரையும் பொய் சொன்னதற்காக அப்படி அடித்தேன்.

நீ இந்த வேலைக்குப் போனதிலிருந்து "பீக் வந்ததா?" என்றுதான் கேட்டிருக்கிறேன். ப்ளாங்க் எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என்னிடம் சொல்ல உனக்கு எப்படி வாய் வரும்?

அந்தச் சார்ட் நீல ஃபைலில் இருக்கிறது. மடித்த இடத்தில் கோடு மங்கிவிட்டது, பீக் தெரிகிறது. நீ வரும்போது எடுத்துக் காட்டுகிறேன். உன்னுடையதையும் கொண்டு வா.

அம்மா