"எனக்கு மட்டும் ஒரு எக்ஸெப்ஷன்" கேக்குற மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம ஆபீஸ் நெட்வொர்க்க பாத்துக்குற சிஸ்டம் அட்மின் எழுதுறேன். போன வாரம் பூரா ஒவ்வொரு மெஷினா உக்காந்து செக்யூரிட்டி செட்டிங்ஸ் செக் பண்ணேன், பாத்தது நல்லா இல்ல, அதான் இந்த மடல்.

குரூப் பாலிசில (எல்லா மெஷினுக்கும் செட்டிங்ஸ ஒரே இடத்துலேர்ந்து வைக்கிற விண்டோஸ் வசதி) ஒரு தடவை போட்டுட்டா எல்லா மெஷினுக்கும் போயிடும்னுதான் நீங்க நினைக்கிறீங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். சாதாரணமா 90 நிமிஷத்துக்கு ஒருக்கா, சில சமயம் அதுக்கு மேல ஒரு அரை மணி நேரம் வரைக்கும் தள்ளி, மெஷின்தான் சர்வர்கிட்ட போய் புதுசா எதாவது இருக்கான்னு கேக்கும். மாசக்கணக்கா விபிஎன்கூட (வெளியிலேர்ந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற வழி) போடாம வெளியவே சுத்துற லேப்டாப் யார்கிட்ட போய் கேக்கும்? சர்வர்ல பாத்தா செட்டிங் எல்லாம் அழகா இருக்கு, அந்த லேப்டாப்ல ஜிபிரிசல்ட் (எந்த பாலிசி வந்து சேந்திருக்குன்னு காட்டுற கமாண்ட்) ஓட்டுனா போன வருஷத்து பாலிசி பல்ல இளிக்குது.

இதயாவது சரி பண்ணிடலாம். செக்யூரிட்டி ரூல்லேர்ந்து விலக்குன்னு நீங்க கேட்டு வாங்குன எக்ஸெப்ஷன்தான் எனக்கு பெரிய தலைவலி. "ஒரே ஒரு நாள் அட்மின் ரைட்ஸ் குடுப்பா"ன்னு வாங்குனது மூணு வருஷமா அப்படியே கெடக்கு. பழைய ஸ்கேனர் ஒண்ணுக்காக ஃபைல் சர்வர்ல எஸ்எம்பி1 (நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற பழைய முறை) திறந்து வெச்சிருக்கோம், 2017 மே 12ல வான்னாக்ரை (ஃபைல பூட்டி வெச்சு பணம் கேட்ட வைரஸ்) பரவுனது அந்த எஸ்எம்பி1ல இருந்த ஓட்டை வழியாத்தான், யாரும் எதையும் கிளிக் பண்ணக்கூட தேவைப்படல, ஒரு மெஷின்ல புகுந்தா அதுவே பக்கத்து மெஷின தேடிப் போச்சு. இத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் மார்ச் 14லயே அந்த ஓட்டைய அடைக்கிற பேட்ச் விட்டுடுச்சு, ரெண்டு மாசம் டைம் இருந்துச்சு! "இப்ப வேணாம், ரீஸ்டார்ட் கேக்குது"ன்னு தள்ளிப் போட்ட ஆபீஸ் எத்தனையோ (நம்மள சொல்லல, ஆனா நம்மளையும்தான்).

அப்புறம் லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட். எல்லா மெஷினுக்கும் ஒண்ணுதான், ஒரு மெஷின்ல அதோட ஹாஷ (பாஸ்வேர்ட மெஷின் மாத்தி சேத்து வெச்சிருக்கற வடிவம்) உருவிட்டா மத்த மெஷினுக்கும் சாவி கைல வந்த மாதிரி. மெஷினுக்கு ஒரு பாஸ்வேர்ட் வெச்சு தானா மாத்திக்கிற லாப்ஸ், 2023 ஏப்ரல் அப்டேட்லேர்ந்து விண்டோஸ்லயே இருக்கு, தனியா எதுவும் வாங்க வேண்டியதில்ல. நீங்க ஓகே சொல்லணும், அவ்ளோதான், நான் மூணு மெயில் போட்டாச்சு.

கேக்குறது இதுதான். எக்ஸெப்ஷன் யாருக்கு வேணும்னாலும் தரேன், ஆனா எதுக்கு, என்னைக்கு முடியும்னு எழுதி உங்க பேர் போட்டு குடுங்க, தேதி முடிஞ்சா கேக்காம மூடிடுவேன். லேப்டாப்ப மாசத்துக்கு ஒரு நாளாவது ஆபீஸ் நெட்வொர்க்ல போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப திறந்து கெடக்குற 11 எக்ஸெப்ஷனோட லிஸ்ட் உங்க மெயில்ல இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வராததெல்லாம் மூடுறேன், திங்கக்கிழமை ஸ்கேனர் ஓடலன்னு போன் வந்தா முதல்ல அந்த லிஸ்ட்ட திறந்து பாருங்க.

இப்படிக்கு,
உங்க சிஸ்டம் அட்மின்