பெயின்ட் டப்பாவுக்குள் 7 கார்டு: பட்டறை உரிமையாளர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், மற்றுமுள்ள பட்டறை முதலாளிமார் அனைவருக்கும், சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் 24 வருடமாக வெல்டிங் பிடிக்கும் ஒருவனின் வணக்கம்.

போன மாதம் எங்கள் பட்டறையில் கிரைண்டர் துள்ளி ஒரு தம்பியின் கை அறுபட்டது. உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து பழம், பிரெட் வைத்துவிட்டுப் போனீர்கள், அதற்கு நன்றி. அதற்கு அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் உங்கள் சுற்றறிக்கை வந்ததே, அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். தொழிலாளர்களின் அஜாக்கிரதையால் விபத்து நடக்கிறது, அவரவர் பாதுகாப்புக்கு அவரவரே பொறுப்பு என்று போட்டு, கீழே ஒரு மஞ்சள் ஹெல்மெட் படமும் வைத்திருந்தீர்கள். அந்தத் தம்பியின் போனுக்கும் அது வந்திருக்கிறது. கட்டுப் போட்ட கையோடு அவனும் படித்திருக்கிறான்.

அஜாக்கிரதை யாருடையது என்று பேசலாம், தப்பில்லை. அதற்கு முன்னால் அன்றைக்கு அவன் கையில் நாம் கொடுத்திருந்த மெஷினைப் பார்த்துவிடுவோம்.

4 இஞ்ச் ஏ.ஜி., அதாவது கையில் பிடித்து வெட்டவும் தேய்க்கவும் செய்கிற ஆங்கிள் கிரைண்டர். கார்டு, அதாவது வீலை மறைத்து நிற்கும் தகட்டு மூடி, கிடையாது. சைடு ஹேண்டில் கிடையாது. மாட்டியிருந்ததாவது 4 இஞ்ச் வீலா என்றால் அதுவும் இல்லை. 7 இஞ்ச் மெஷினில் ஓடி ஓடித் தேய்ந்து 5 இஞ்சுக்கு வந்துவிட்ட பழைய கட்டிங் வீல். தூக்கிப் போட மனசில்லாமல் எடுத்து வைத்தது. அதன் ஓட்டை 22 மில்லி, 4 இஞ்ச் மெஷினில் உட்காரும் வீலுக்கு 16 மில்லி. இடையில் நிற்கிற சந்துக்கு ஒரு வாஷர். நடுமையம் விலகியிருக்கும் என்று வீலைச் சுற்றவிட்டாலே கண்ணுக்குத் தெரியும். அந்த வீலின் மேல் 8,500 சுற்று வரைதான் என்று அச்சடித்திருக்கிறது. நம்முடைய 4 இஞ்ச் மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். இந்த இரண்டு எண்ணையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்க்க எட்டாம் வகுப்புப் படிப்பு போதும். ஆனால் வீலை எடுத்து வைத்தவர் பார்க்கவில்லை, கொடுத்தவர் பார்க்கவில்லை, வாங்கினவன் மட்டும் பார்த்திருக்க வேண்டும் என்கிறீர்கள்.

இரும்புக் கேட் செய்கிற வேலை. 2 இஞ்ச் ஸ்கொயர் பைப். இந்தப் பக்கம் ஒரு செங்கல், அந்தப் பக்கம் ஒரு செங்கல், அதன் மேல் பைப்பைக் கிடத்தி நட்டநடுவில் வெட்டியிருக்கிறான். வலது கையில் மெஷின், இடது கையில் பைப். முக்கால்வாசி அறுந்ததும் பைப் நடுவில் தொய்ந்தது. வெட்டு வாய் மூடி வீலைக் கவ்விக்கொண்டது. மெஷின் துள்ளி இடது கைக்கு வந்தது. வீல் மூன்றாக உடைந்து, ஒரு துண்டு தகரக் கூரையில் ஏறிச் சொருகி நின்றது. அதை நான்தான் ஏணி வைத்து எடுத்தேன்.

அறுந்து விழவேண்டிய பக்கம் தொங்கலாக இருந்திருந்தால் வெட்டு வாய் தானாக விரிந்துகொண்டே போயிருக்கும், கவ்வியிருக்காது. இதை அவனுக்கு யார் சொன்னோம்? நான் சொல்லவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்து வெல்டு வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழியில் என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும்.

அவனுக்கு இரண்டு விரலில் நரம்பு அறுந்துவிட்டது, தைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் கட்டு, அதற்குப் பிறகு பயிற்சி. இது சங்கத்துக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். லுங்கி அவிழ்ந்துவிட்டது. ஒற்றைக் கையால் லுங்கி கட்ட முடியாது, நீங்கள் வேண்டுமானால் கட்டிப் பாருங்கள். அவன் எழுந்து நின்று முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முயற்சி செய்தான். நான் இருப்பதால் அவனுக்கு வெட்கம். கடைசியில் அவன் அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, குனிந்து கட்டிவிட்டார். 22 வயசுப் பையன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தம்மா கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலைக்குப் போகிறவர். காலையில் அவர் கிளம்பிப் போய்விட்டால் சாயங்காலம் வரை அவன் எழுந்திருக்கவே யோசிக்கிறான். தண்ணீர்கூடக் குறைவாகத்தான் குடிக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "ண்ணா, நான் அஜாக்கிரதையாவா இருந்தேன்?"

ஐயாமாரே, என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. கார்டு இல்லாத மெஷினை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்.

கார்டைக் கழற்றுவது நாங்கள்தான் என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும். பாதி உண்மை. மூலையில் வெல்டு தேய்க்கும்போது கார்டு இடிக்கும், மார்க் தெரியாது, கழற்றுகிற ஆள் உண்டு. ஆனால் அதைத் திருகிவிட்டால் போதும், கழற்ற வேண்டியதில்லை. வீலுக்கும் நம் முகத்துக்கும் நடுவில் கார்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தேய்க்கிறதுக்கு ஒரு கார்டு, வெட்டுகிறதுக்கு இரண்டு பக்கமும் மூடின கார்டு என்று கம்பெனிக்காரன் தனித்தனியாகவே செய்கிறான். கட்டிங் வீலைப் படுக்கவைத்துத் தேய்க்கக் கூடாது என்பதும் அதனால்தான், ஒரு மில்லி கனம் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. இதெல்லாம் எங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆனால் நம் பட்டறைகளில் கார்டு காணாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் மூலையும் மார்க்கும் இல்லை. கார்டு இருந்தால் பெரிய வீல் உட்காராது. பெரிய வீல் போட்டால் ஆழமாக வெட்டும், நாள் கணக்கில் வரும், பழைய வீலும் வீணாகாது. ஒரு 4 இஞ்ச் கட்டிங் வீல் இரண்டு டீ விலை. அந்த இரண்டு டீயை மிச்சம் பிடிக்கத்தான் கார்டு கழன்றது. யார் மிச்சம் பிடித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பட்டறை மூலையில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கிறது. அதற்குள் 7 கார்டு கிடக்கிறது. போன ஆயுத பூஜைக்கு மெஷின்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டோம். சுத்தியலுக்குப் பொட்டு, ஸ்கேலுக்குப் பொட்டு, வெல்டிங் ஹோல்டருக்குப் பொட்டு. ரோட்டில் பூசணிக்காய் உடைத்தோம். மூக்கறுந்தது மாதிரி நின்ற 7 கிரைண்டருக்கும் பொட்டு விழுந்தது. டப்பாவுக்குள் கிடந்த 7 கார்டுக்கு யாரும் வைக்கவில்லை. நான் உள்பட.

"24 வருசமா நீ கார்டு இல்லாமத்தானே ஓட்டுற, உனக்கு என்ன ஆச்சு?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நம் பஸ் டிரைவர்கள் தூக்கத்தில்கூடத் திருப்புவார்கள். அதற்காக, நல்ல டிரைவர்தானே என்று ஓரத்துத் தடுப்புச் சுவரை யாராவது இடித்துவிடுவார்களா? 11,000 சுற்று என்றால் 4 இஞ்ச் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் பிய்ந்து வருகிற துண்டு எனக்கு 24 வருட அனுபவம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வராது. அதோடு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் சரியில்லை. வலது கண்ணில் மூன்று தடவை இரும்புத் தூள் எடுத்திருக்கிறார்கள். ரோட்டோரத்துக் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு தேய்த்தால் பக்கவாட்டில் ஏறத்தான் செய்யும். முதல் தடவை தோள் துண்டின் முனையை நாக்கில் நனைத்து நாங்களே எடுத்துவிட்டோம் என்று நினைத்து, பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டுப் படுத்தேன். மறுநாள் டாக்டர் விளக்கடியில் பார்த்துவிட்டு, தூளைச் சுற்றித் துருப் பிடித்துவிட்டது என்று சொல்லி அதையும் சுரண்டி எடுத்தார். கண்ணுக்குள் துரு ஏறும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இன்னும் சிலது இருக்கிறது, எழுத ஆரம்பித்தாயிற்று, எழுதிவிடுகிறேன். வீல் கழற்றுகிற ஸ்பேனர் மெஷினோடு வந்ததுதான், இப்போது எந்தப் பட்டறையில் இருக்கிறது? உளியை வைத்துத் தட்டிக் கழற்றுகிறோம், நட்டு வாய் மழுங்கி அரைகுறையாக ஏறுகிறது. பிளக் உடைந்தால் ஒயரை நேராகச் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குகிறோம். அப்படி இறுக்கினதைப் பிடுங்கினால் மறுபடி இறுக்க வேண்டுமே என்று, பிடுங்காமலே வீல் மாற்றுகிறோம். கரண்ட் போனால் தள்ளு சுவிட்ச் ஆனிலேயே நிற்கும். மறந்து தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழுந்து பட்டறை முழுக்க ஓடும். நாயும் குழந்தையும் நடமாடும் சைட்டில் இதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. கையை எடுத்தால் நிற்கிற சுவிட்ச் வைத்த மெஷின் கடையில் இருக்கிறது. சில நூறு ரூபாய் கூடுதல்.

வீலின் நடுவில் ஒரு தகட்டு வளையம் இருக்கிறதே, அதில் மாதமும் வருடமும் போட்டிருக்கும். ஒட்டுகிற பிசின் மூன்று வருடத்துக்குத்தான் தாங்கும் என்பதால் போடுகிற தேதி. பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற ஊர் இது. ஈரத் தரையில் மழைத் தண்ணீர் தெளித்துக் கிடக்கும் வீலில் யாரும் பார்ப்பதில்லை. கழிவு விலைக்கு மொத்தமாக வருகிறது என்றால் சரி, ஏன் கழிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வேண்டாமா?

கஞ்சமலையில் இரும்பு கிடைத்த ஊர், ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊர், இரும்பு எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது என்று ஆண்டு விழா மேடையில் பேசினீர்கள். கைதட்டினோம். ரத்தத்தில் ஓடுவது இருக்கட்டும், கண்ணில் ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த விழாவுக்கு வைத்த ஃபிளெக்ஸில் 16 பேர் படம். அந்த ஃபிளெக்ஸ் சட்டத்தை அடித்தது நாங்கள்தான், கார்டு இல்லாத மெஷினில். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தீர்கள். அந்தக் காசுக்கு ஆளுக்கொரு கண்ணாடி வந்திருக்கும், முழு முகத்துக்கும் மூடி போட்டதே வந்திருக்கும். அடுத்த வருடம் சில்வர் குடம் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள்.

மன்னிக்கவும். குறை சொல்ல வரவில்லை, கேட்க வந்தேன்.

2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 30-ஆவது பிரிவில், சாணை வேலை நடக்கும் இடத்தில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் அந்த வீல் எவ்வளவு வேகம் தாங்கும் என்று எழுதி மாட்ட வேண்டும் என்று வைத்தார்கள். பத்து ஆள் இல்லாத பட்டறையை அந்தச் சட்டம் தொட்டதே இல்லை என்று செயலாளர் சொல்லுவார், தெரியும். நம்மில் பாதிப் பட்டறையில் ஐந்து பேர்கூடக் கிடையாது. அதனால்தான் அதிகாரிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். சட்டம் வந்து மாட்டச் சொல்லாத கார்டை நீங்கள்தான் மாட்டச் சொல்ல முடியும்.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: அந்தச் சுற்றறிக்கையை வாபஸ் வாங்குங்கள். அதற்குப் பதிலாக, கார்டும் ஹேண்டிலும் இல்லாத மெஷினை எந்த உறுப்பினரும் வேலைக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி போடுங்கள், பட்டறையிலும் சரி, சைட்டிலும் சரி. 4 இஞ்சுக்கு 4 இஞ்ச் வீல். மெஷினோடு ஒரு ஸ்பேனர். எங்களில் யாராவது கார்டைக் கழற்றினால் அன்றைய கூலியைப் பிடியுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் மாட்டிக் கொடுங்கள். கார்டு இல்லாத மெஷினைக் கொடுக்காதீர்கள்.

கார்டைப் புதிதாக வாங்கச் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து, 7 கார்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துரு போகத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நசுங்கியிருந்தது, தட்டி நிமிர்த்திவிட்டேன். இறுக்குகிற ஸ்குரூ மட்டும் ஒன்றுக்கும் இல்லை. வரும் சனிக்கிழமை செவ்வாய்ப்பேட்டைக்கு யாராவது சாமான் வாங்கப் போனால், ஏழு ஸ்குரூ வாங்கிவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொண்டலாம்பட்டி வெல்டர்