எவர்கிளேட்ஸ் கட்டுரையில் விடுபட்ட சதுப்புக்காடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில், அமெரிக்காவின் தெற்கு புளோரிடாவில் பரந்துகிடக்கும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இரைச்சலோடு விரையும் காற்றாடிப் படகுக்கும் முதலைகளுக்கும் பாதிப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், அதே தெற்கு புளோரிடாவில், நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் இருக்கும் கார்க்ஸ்க்ரூ சதுப்புக்காட்டுச் சரணாலயத்தை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாதது பெருங்குறை. மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அங்கே நடந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

புளோரிடாவின் முதிர்ந்த சைப்ரஸ் காடுகள் மரத்துக்காக ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டுவந்த நிலையில், எஞ்சியிருந்த இந்தக் காட்டை 1954இல் பறவைகளைப் பாதுகாக்கும் அமைப்பான ஆடுபான் சங்கம் காப்பாற்றியது. இரண்டேகால் மைல் நீளமுள்ள மரப்பலகைப் பாதையில்தான் நடக்க வேண்டும்; படகு கிடையாது, சத்தமும் கிடையாது. நம் ஊர்க் குளங்களில் மிதக்கும் அதே ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடியிருக்க, அதன் நடுவே முதலையின் கண்கள் மட்டும் தெரியும். ஒரு பெரிய சைப்ரஸ் மரத்தின் உயரத்தில், 2007இல் கண்டறியப்பட்ட பேய் ஆர்க்கிட் பற்றியிருக்கிறது. இலையே இல்லாத இச்செடிக்கு உணவு தயாரிப்பதும் பச்சை வேர்கள்தான்; கோடையில் வெள்ளைப் பூ பூக்கும்போதுகூடத் தொலைநோக்கி இல்லாமல் சரியாகத் தெரியாது.

எந்தப் பருவத்தில் போவது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. ஆர்க்கிட்டுக்குக் கோடை என்றால், மர நாரைக்குக் குளிர்காலமும் வசந்தமும். கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையின் பேரினத்தைச் சேர்ந்த இப்பறவை, அலகைப் பாதி திறந்து கலங்கிய நீருக்குள் துழாவிக்கொண்டே நடக்கும். மீன் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் தேடாமல் தொட்டுப் பிடிக்கும் பறவை என்பதால், மழைக்காலம் முடிந்து நீர் மெல்ல மெல்ல வற்றி, சிறு குட்டைகளில் மீன் அடர்த்தியாகச் சேர்ந்தால்தான் குஞ்சுகளுக்கு இரை கிடைக்கும்.

இங்கேதான் சிக்கல். ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய மர நாரைக் குடியிருப்பாக இருந்த கார்க்ஸ்க்ரூவில், அண்மைக் காலத்தில் பல ஆண்டுகள் கூடே கட்டப்படவில்லை. சுற்றிலும் தோண்டிய வடிகால்களும் பெருகிவிட்ட குடியிருப்புகளும் நீரை உறிஞ்ச, சதுப்பு முன்பைவிட விரைவாகக் காய்கிறது. புல்வெளிச் சதுப்பை வில்லோ புதர் ஆக்கிரமிக்க, அதை வெட்டி அகற்றுவதே சரணாலயத்தாருக்குப் பெரும் வேலையாகிவிட்டது. வேலி மரத்தைக் காத்தது. நீரின் விதியோ வேலிக்கு வெளியே முடிவாகிறது.

பயணத் தொடரின் அடுத்த பகுதியில் இந்தச் சரணாலயத்தையும், அதன் நீர்ப் பிரச்சினையோடு சேர்த்தே, எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.