மூன்று வேகன்களுக்கு மேல் வேண்டாம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. வீட்டில் ஒன்றரை மீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள இடத்தை ஒதுக்கி, அதில் மாதிரி ரயில் பாதை அமைக்கப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. வரைபடத்தைப் பல முறை பார்த்தேன். ஒரு தடம் இரண்டாகப் பிரியும் ஐந்து பாயிண்டுகள், ஒரு சுரங்கம், ஒரு பாலம், இரண்டு நடைமேடைகள் என எல்லாவற்றையும் அதில் வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றும் அழகுதான், ஆனால் அந்த நீளத்தில் அத்தனையும் சேர்ந்தால் என்ஜின் நகர்வதற்கே இடம் இருக்காது. அதனால் நான் சொல்வதைச் சற்றுப் பொறுமையாகப் படி. உன் இடத்துக்கு ஏற்றது, வேகன்களைப் பிரித்து, வரிசை மாற்றி, மீண்டும் கோக்கும் ஷண்டிங் யார்டு மட்டுமே. அதற்கு இரண்டு பாயிண்டுகள் போதும்.

இதற்கென்றே நன்கு அறியப்பட்ட அமைப்பு ஒன்று உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் என்பவர் வகுத்த அதற்கு இங்கிள்நூக் சைடிங்ஸ் என்று பெயர். பழைய நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ஆல்ன்விக்–கார்ன்ஹில் கிளைப் பாதையில் இருந்த கில்ஹாம் சைடிங்கை முன்மாதிரியாக வைத்து அவர் இதை உருவாக்கினார். வேகன்களை நிறுத்திவைக்கும் பக்கப் பாதைகளாகிய சைடிங்குகள் மூன்று, அவற்றில் ஒன்று ஐந்து வேகன்களைக் கொள்ளும், மற்ற இரண்டும் மும்மூன்று கொள்ளும். மூன்றும் வந்து சேரும் ஒற்றைத் தடமாகிய ஷண்டிங் நெக்கில் என்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே நிற்க முடியும். மொத்தம் எட்டு வேகன்கள். தொடக்கத்தில் நீண்ட சைடிங்கில் ஐந்து, குட்டையான ஒன்றில் மூன்று, மற்றொன்று காலி. எட்டு வேகன்களுக்கும் எட்டுச் சீட்டுகள் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்து வேகன்களையும் நீண்ட சைடிங்கில் நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் விதி. எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு தேர்ந்தெடுக்க 6,720 வழிகள் இருப்பதால், நேற்று அமைத்த ரயிலையே இன்றும் அமைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த அமைப்பின் உயிர் அந்த ஷண்டிங் நெக்கின் நீளத்தில்தான் இருக்கிறது. உன்னிடம் ஒன்றரை மீட்டர் இருப்பதால், மீதமுள்ள இடத்தையெல்லாம் நெக்குக்குக் கொடுத்து நான்கு வேகன்கள் நிற்கும்படி செய்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். நீண்ட சைடிங்கின் வாயிலிருந்து உள்நோக்கி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என வேகன்கள் நிற்கின்றன. உனக்கு வேண்டியது நான்காவது. முன்னால் நிற்கும் மூன்றையும் இழுத்துக் காலிச் சைடிங்கில் தள்ளிவிடுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. தள்ளியவுடன் அந்தச் சைடிங் நிறைந்துவிடும். மற்றொரு குட்டைச் சைடிங் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. இப்போது நான்காவது வேகனை என்ஜினில் கோத்துவிட்டாய், ஆனால் அதை வைக்க அது வந்த இடத்தைத் தவிர வேறு இடம் இல்லை.

சரியான வழி இது. மூன்றையும் வெளியே இழு. மூன்றாவதை மட்டும் காலிச் சைடிங்கில் விட்டுவிட்டு, முதல் இரண்டையும் பழைய இடத்துக்கே தள்ளி, அங்கே நிற்கும் நான்காவதுடன் கோத்துக்கொள். மறுபடியும் மூன்றை இழுத்தால், இம்முறை கடைசியாக வருவது நான்காவது. அதை மூன்றாவதற்கு முன்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஒன்றையும் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடு. வேண்டிய வேகன் வாயில் வந்து நிற்கும், சைடிங்கில் இன்னும் ஓர் இடமும் மிஞ்சியிருக்கும். நெக்கில் நான்கு வேகன்களுக்கு இடம் இருந்தால் இவ்வளவு யோசனைக்கும் வேலை இல்லை. நான்கையும் ஒரே இழுப்பில் கொண்டுவந்து, நான்காவதை மட்டும் பக்கத்துச் சைடிங்கில் விட்டுவிடலாம். என்ஜினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் வேகன்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இன்பத்துக்காகத்தானே இதையெல்லாம் கட்டுகிறோம்? அதை நான்கு அங்குலத் தண்டவாளத்துக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அமெரிக்க மாதிரி ரயில் கலைஞர் ஜான் ஆலன் 1972இல் வெளியிட்ட டைம்சேவர் என்ற அமைப்பையும் நீ பார்த்திருக்கலாம். அதில் ஐந்து பாயிண்டுகளும், என்ஜின் வேகன்களைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வர ஒரு லூப்பும் உண்டு. உன் வரைபடத்தில் ஐந்து பாயிண்டுகள் இருப்பதைப் பார்த்தால் அதன் சாயல் இருப்பதாக நினைக்கிறேன். அது திறமையான அமைப்புதான். ஆனால் நேரத்தோடு போட்டியிடுவதற்காக வகுக்கப்பட்டது. கடிகாரம் ஓடும்போது கை தானாகவே வேகத்தைக் கூட்டும், வேகத்தில் ஷண்டிங்கின் அழகு போய்விடும். என் விருப்பம் இங்கிள்நூக்தான்.

இனி அளவுகள். நீ தேர்ந்தெடுத்திருக்கும் எச்.ஓ. அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு, சரியான முடிவு. 160இல் ஒரு பங்காகிய ‘என்’ (N) அளவில் இடம் இன்னும் மிச்சமாகும். ஆனால் வேகன்களை இணைக்கும் அந்தச் சிறிய கப்ளிங்குகளை நாள்தோறும் கோத்துப் பிரிப்பது கண்ணுக்கும் கைக்கும் சிரமம், எடை குறைந்த என்ஜின் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதிலும் தடுமாறும். நான்கு சக்கர வேகன்களையே வாங்கு. கப்ளிங்கோடு சேர்த்து வேகன் 100 மி.மீ., என்ஜின் 120 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நெக் 420 மி.மீ., நீண்ட சைடிங் 500 மி.மீ., குட்டைச் சைடிங்குகள் தலா 300 மி.மீ. ஆகும். சைடிங்கின் நீளத்தைப் பாயிண்டின் நுனியிலிருந்து அளக்காதே. பக்கத்துப் பாதையில் போகும் வேகன் உரசாமல் செல்லும் இடமாகிய ஃபவுலிங் மார்க்கிலிருந்துதான் அளக்க வேண்டும். ஏறத்தாழ 185 மி.மீ. நீளமுள்ள சிறிய பாயிண்டுகளைப் பயன்படுத்தினால், ஃபவுலிங் மார்க் வரையிலான இடத்தையும் சேர்த்து எல்லாம் 1.3 மீட்டருக்குள் அடங்கிவிடும். மிஞ்சும் இருபது சென்டிமீட்டரை ஒரு கிடங்குக் கட்டடத்துக்கோ மரங்களுக்கோ கொடு. கடையில் வாங்கிய வேகன்களின் உண்மையான நீளத்தை ஸ்கேல் வைத்து நீயே அளந்து, அந்தக் கணக்கின்படியே தண்டவாளத்தை வெட்டு.

பலகைக்கு 9 மி.மீ. பிளைவுட் போதும். கீழே நான்கு பக்கமும் சட்டம் அடித்துப் பெட்டி போலச் செய்துவிட்டால் வளையாது. வயர்களும் உள்ளே மறைந்துவிடும். ரசமட்டம் வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் பார்த்துக்கொள். இப்போது வரும் வேகன்களின் அச்சுகள் மிக எளிதாக உருள்வதால், கண்ணுக்குத் தெரியாத சரிவு இருந்தாலும், பிரித்து நிறுத்திய வேகன் தானே நகர்ந்து போய்விடும். சரிவு இல்லாத பலகையிலும் ஒரு சில வேகன்கள் நகரும். அவற்றின் அடியில் மெல்லிய பிரஷ் மயிர் ஒன்றை ஒட்டி, அது அச்சை இலேசாகத் தொடும்படி விட்டால் நின்றுவிடும்.

பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டிருந்தாய். முதலில் பாயிண்டுகளுக்கு, அடுத்து என்ஜினுக்கு, பிறகு என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கு. கட்டடங்களும் மரங்களும் அதற்குப் பின்னர்தான். பாயிண்டின் நடுவே இரு தண்டவாளங்கள் கூர்மையாகச் சேருமிடத்துக்கு ஃப்ராக் என்று பெயர். விலை குறைந்த பல பாயிண்டுகளில் அந்த இடம் பிளாஸ்டிக்காக இருக்கும். அங்கே மின்சாரம் கிடையாது. நீண்ட என்ஜினின் மற்ற சக்கரங்கள் மின்சாரம் எடுத்துக்கொண்டிருப்பதால் அது அந்த இடத்தைத் தாண்டிவிடும். ஆனால் ஷண்டிங் என்ஜின் குட்டையானது, அதுவும் மெல்ல ஊர்வது. அதன் சக்கரங்கள் பிளாஸ்டிக்கின் மேல் வந்ததும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஃப்ராக் முழுவதும் உலோகமாக உள்ள பாயிண்டையே வாங்கு. பாயிண்டைத் திருப்பும்போது ஃப்ராக்கின் மின் துருவமும் மாற வேண்டும். பாயிண்டில் நகரும் கூர்முனைத் தண்டவாளமாகிய டங் ரயில் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுவதாலேயே அது மாறிவிடும் என்றாலும், அந்தத் தொடுமுனையில் தூசி படிந்தால் நம்ப முடியாது. பாயிண்டைத் திருப்பும் கம்பியோடு ஒரு சிறிய மைக்ரோ ஸ்விட்சை இணைத்துவிடு. ஃப்ராக்கிலிருந்து வெளியே செல்லும் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான்களைப் போட மறக்காதே. இல்லையென்றால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். தண்டவாள இணைப்புகளை நம்பி இராமல், ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி வயரைப் பற்றவைத்துக் கீழே இறக்கு.

என்ஜின் ஒன்றே ஒன்று என்பதால் சாதாரண 12 வோல்ட் டி.சி. முறையே போதும். என்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளைகளை அனுப்பும் டி.சி.சி. முறையில் ஒலியும், மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலும் என்ஜினை ஓட வைக்கும் கெப்பாசிட்டரும் கிடைக்கும்; அது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனாலும் அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள். பாதை சரியாக அமைந்திருந்தால், நல்ல கன்ட்ரோலரும் சுத்தமான தண்டவாளமும் இருக்கும்போது சாதாரண முறையிலேயே என்ஜின் ஊர்ந்து போகும். எவ்வளவு மெதுவாக என்றால், உண்மை யார்டில் ஆள் நடக்கும் வேகமாகிய மணிக்கு 5 கி.மீ. என்பது எச்.ஓ. அளவில் விநாடிக்கு 16 மி.மீ. மட்டுமே. 1.2 மீட்டரைக் கடக்க ஒன்றேகால் நிமிடம் ஆகும். முதலில் பொறுமையைச் சோதிக்கும், பிறகு அந்த வேகம் தவிர வேறெதுவும் கண்ணுக்குப் பிடிக்காது. வேகன் அருகே வரும்போது என்ஜின் இன்னும் தணிந்து, கப்ளிங் இரண்டும் தொட்டு, ஒரு சிறு கிளிக் ஒலியோடு பிடித்துக்கொண்டு, நின்ற வேகன் அரை மில்லிமீட்டர்கூடப் பின்னால் நகராமல் இருந்தால், உன் என்ஜின், பாதை, கை மூன்றும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்.

கப்ளிங் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எட்டு வேகன்களுக்கும் என்ஜினுக்கும் ஒரே வகை, ஒரே உயரம். கேடி நிறுவனத்தின் காந்தக் கப்ளிங்குகளை நான் பரிந்துரைக்கிறேன். தண்டவாளத்துக்கு இடையே பதித்த காந்தத்தின் மேல் நிறுத்தி, என்ஜினைச் சற்றே பின்னுக்குத் தளர்த்தினால் கொக்கிகள் விலகும். விலகிய நிலையிலேயே வேகனைத் தள்ளிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வரலாம். கை வைக்காமலே எல்லாம் நடப்பதைப் பார்ப்பது ஆனந்தம். உயரத்தைச் சரிபார்க்க அதே நிறுவனம் ஓர் அளவுகோல் விற்கிறது. அதையும் சேர்த்து வாங்கிவிடு. வேகன்கள் இலேசாக இருந்தால் பின்னுக்குத் தள்ளும்போது பாயிண்டில் தடம் புரளும். எச்.ஓ. வேகனுக்கு ஓர் அவுன்சுடன், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் என்பது அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை. உன் 100 மி.மீ. வேகனுக்கு ஏறத்தாழ 85 கிராம் வரும். சக்கரங்கள் உலோகமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் சக்கரங்கள் அழுக்கை வாரிக்கொண்டு வந்து தண்டவாளத்தில் பூசும். தண்டவாளத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடை. உப்புத்தாளைக் கிட்டவே கொண்டுபோகாதே, அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகச் சேரும்.

ஜல்லி போடுவதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த ஜல்லியைப் பிரஷ்ஷால் பரப்பி, தண்ணீரில் கரைத்த பி.வி.ஏ. பசையில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்பது உனக்கே தெரியும். டங் ரயில் நகரும் இடத்தில் மட்டும் ஜல்லியும் வேண்டாம், பசையும் வேண்டாம். அங்கே ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே மண் நிறம் பூசிவிட்டால் போதும். ஜல்லி போடுவதற்கு முன்பு சில வாரங்கள் வெறும் பாதையில் ஆடிப் பார். எங்கே என்ஜின் தயங்குகிறது, எந்த வேகன் எந்தப் பாயிண்டில் துள்ளுகிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். பசை காய்ந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

புதிய வரைபடத்தை வரைந்ததும் எனக்கு அனுப்பு. பாயிண்டுகள் வந்து சேர்ந்தால் அவற்றையும் வேகன்களையும் பலகையின் மேல் ஒட்டாமல் அடுக்கி, மேலிருந்து ஒரு படம் எடுத்து அதனுடன் வை. நெக்கில் என்ஜினும் மூன்று வேகன்களும் நிற்கும்போது முதல் பாயிண்டின் டங் ரயில் முனைக்கும் கடைசி வேகனுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சுகிறது என்பதை மட்டும் அளந்து எழுது. பத்துக்குக் குறையாமலும் நாற்பதுக்கு மேற்படாமலும் இருந்தால் ஆணி அடிக்கத் தொடங்கலாம்.

அன்புடன்,
அப்பா