கொடியில் இடமிருக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

முந்தாநேத்து ராவு நீ வீடியோவில காட்டின ரெண்டு சூட்கேசையும் பார்த்ததில இருந்து எனக்கு நித்திரை சரியில்லை. கட்டில் நிறைய உடுப்பை அடுக்கி வச்சிக்கொண்டு "இது காணுமா அப்பா?" எண்டு கேட்கிறாய். தலைக்கு 30 கிலோ எண்டா நாலு பேருக்கு 120 கிலோ. கிட்டத்தட்ட ரெண்டு மூட்டை நெல்லு, மகள். லண்டனில இருந்து மூண்டு கிழமை லீவில வாறதுக்கு ரெண்டு மூட்டை உடுப்பா?

போனில சொன்னா "சரியப்பா, சரியப்பா" எண்டுட்டு உன்ட பாட்டுக்கு அடுக்குவாய். அதாலதான் கடதாசியில எழுதுறன். பக்கத்து வீட்டுப் பொடியன் படம் பிடிச்சி வாட்ஸ்அப்பில அனுப்புவான். என்ட கையெழுத்து விளங்காட்டி அவனைக் குறை சொல்லாதே.

முதல் விசயம். ஆளுக்கு அஞ்சு மாத்து உடுப்பு கொண்டா, காணும். சின்னவளுக்கு மட்டும் ஏழு, அவள் மாம்பழம் தின்னுற பிள்ளை. நீங்க வாற நேரம் கச்சான் காத்து உச்சத்தில நிக்கும். தென்மேற்குப் பருவக்காத்து தன்ட மழையை மலைக்கு அங்கால கொட்டிட்டு, மலை இறங்கி நம்மட பக்கம் வரக்குள்ள காய்ஞ்சி சூடாகித்தான் வரும் எண்டு உனக்கு ஒன்பதாம் வகுப்பிலயே படிப்பிச்சிருக்கன். காலமை எட்டு மணிக்கு விரிச்ச சேட்டு ஒன்பதரைக்கு அப்பளம் மாதிரிக் கிடக்கும். லண்டனில ட்ரையர் செய்யிற வேலையை இஞ்ச கச்சான் சும்மா செய்யுது, கரண்ட் பில்லும் இல்ல. பிறகு எதுக்கு 21 நாளுக்கு 21 உடுப்பு?

ரெண்டாவது விசயம்தான் பெரிய விசயம். தோய்க்கிறது நான்.

சிரிக்காதே. அம்மாட முழங்கால் சரியில்லாமப் போனதில இருந்து ரெண்டு வருசமா இந்த வீட்டு உடுப்பெல்லாம் நான்தான் தோய்க்கிறன். உனக்கு நாங்க சொல்லல்ல. அம்மாவுக்கு வெக்கம், புருசன் சீலை தோய்க்கிறார் எண்டு சனம் கதைக்குமாம். முதல் கிழமை கதவைச் சாத்திட்டுக் கிணத்தடிக்குப் போனன். இப்ப சாரத்தை மடிச்சிக் கட்டிக்கொண்டு பட்டப்பகல்ல தோய்க்கிறன். எதிர் வீட்டு அக்கா மதிலுக்கு மேலால எட்டி "மாஸ்டர், ரத்தக் கறைக்கு என்ன போடுறது?" எண்டு கேட்கிற அளவுக்கு வந்திட்டுது. (பச்சைத் தண்ணி. சுடுதண்ணி போட்டா முட்டை அவியிற மாதிரிக் கறையும் துணியில அவிஞ்சி ஒட்டும்.) முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில இரசாயனம் படிப்பிச்சதுக்கு இப்பதான் பலன் கிடைச்சிருக்கு.

போன முறை நீ வந்து நிண்டதை நான் மறக்கல்ல. நாங்க எழும்ப முதல் எழும்பி, கிணத்தடியில குந்திக்கொண்டு நாலு பேர்ர உடுப்பையும் கசக்கினாய். மருமகன் எழும்பி வரக்குள்ள அவர்ர சேட்டு கொடியில ஆடிக்கொண்டிருக்கும். 21 நாளில 16 காலமை. நான் எண்ணல்ல, அம்மா எண்ணினவ. நீ போன பிறகு ஒரு நாள் சோத்துக்கு முன்னால இருந்துகொண்டு, "என்ட பிள்ளை லீவில வந்தாளா, தோய்க்க வந்தாளா?" எண்டு கேட்டா. என்னட்டப் பதில் இருக்கல்ல. வீடு உன்ட பேரில சீதனமா எழுதின வீடு. உன்ட வீட்டுக் கிணத்தடியில நீயே கூலிக்காரி மாதிரிக் குந்தியிருந்திருக்கிறாய், நானும் பேப்பர் பார்த்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில கிடந்திருக்கிறன்.

அதால இந்த முறை சட்டம் வேற. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கூடை வாங்கி வச்சிருக்கன். கழட்டினது அவரவர் கூடைக்கு. பெரியவன் தன்ட சட்டைப் பைக்குள்ள கிடக்கிற கல்லு, சிப்பி, டொபித்தாள் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டுத்தான் கூடையில போடணும், எட்டு வயசுக்கு அது பெரிய வேலையில்ல. மருமகன்ட காதிலயும் பக்குவமாப் போட்டு வை. கழிசானைத் தோய்ச்சித் தருவன், ஆனா கொடியில விரிக்கிறதும் மடிக்கிறதும் அவர்.

தண்ணியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நம்மட கிணத்துத் தண்ணி குளிக்க நல்லம், வெள்ளைக்கு ஆகாது. அதில இரும்பு கரைஞ்சிருக்கு. அள்ளக்குள்ள கண்ணாடி மாதிரித் தெளிவாத்தான் இருக்கும். காத்துப் பட்டா அந்த இரும்பு துருவாகி, வேட்டியில தேயிலைச் சாயம் மாதிரி இறங்கும். உன்ட கலியாணத்துக்கு எடுத்த என்ட பட்டுக்கரை வேட்டி அப்பிடித்தான் மஞ்சளாப் போச்சி. அதுக்கு ஆரோ சொன்னாங்க எண்டு குளோரின் பிளீச் போட்டன், இன்னும் கூடிப்போச்சி. துருவைப் பிளீச் எடுக்காது, இன்னும் இறுக்கி விடும். பிறகு தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில போட்டு, மூண்டு நாள் அலசினதுக்குப் பிறகுதான் கொஞ்சம் தேறினது.

அதோட அந்தத் தண்ணியில சுண்ணாம்பும் இருக்கு. சவர்க்காரக் கட்டியைத் தேய்ச்சா நுரை வராது, வெள்ளைத் தயிர் மாதிரி ஒண்டு மிதக்கும். அது துணியில ஒட்டினா உடுப்பு சொரசொரக்கும். இப்ப நான் கிணத்துத் தண்ணிக்குத் தூளும், குழாய்த் தண்ணிக்குச் சன்லைட் கட்டியும் எண்டு பிரிச்சி வச்சிருக்கன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி குழாயில வந்தது எங்கட வெள்ளைக்குப் பெரிய புண்ணியம். வெள்ளை எல்லாம் அதிலதான்.

ஒண்டு முன்கூட்டியே சொல்லி வைக்கிறன், இல்லாட்டி நீ பயப்படுவாய். சின்னவளுட சட்டையில மீன் குழம்பு ஊத்துப்படும், நிச்சயம். மஞ்சள் கறையில சவர்க்காரம் போட்ட உடனே அந்த இடம் ரத்தச் சிவப்பாகும். கறை கூடிப்போச்சி எண்டு கத்தாதே. சவர்க்காரத்தில இருக்கிற காரம் பட்டா சிவக்கிறது மஞ்சளுட குணம். அலசிட்டு ஈரத்தோட வெயிலில விரிச்சி விடு. பின்னேரம் பார்த்தா கறை போன இடமும் தெரியாது. மஞ்சளுக்குச் சூரியனை விடப் பெரிய எதிரி இல்ல. சின்னவளுக்கு இதைச் செய்து காட்டணும் எண்டு ஒரு பழந்துணியில மஞ்சள் பூசி எடுத்து வச்சிருக்கன், அவள் வந்து தொட்டுப் பார்க்கட்டும்.

கொடியை மாமரத்தில இருந்து மாத்திட்டன். போன முறை மருமகன்ட பெனியனுக்குள்ள முசுறு ஏறினதும் அவர் முத்தத்தில ஆடின ஆட்டமும் உனக்கு ஞாபகம் இருக்கும். பாவம் மனுசன். இப்ப ரெண்டு இரும்புக் குழாயைச் சீமெந்து போட்டு நட்டு, நடுவால நைலோன் கயிறு இழுத்திருக்கன். நாலு பேர்ர உடுப்பு ஒரே நேரத்தில விரிக்கலாம். காத்துக்குக் கிளிப் இல்லாம எதையும் போட ஏலாது. போன கிழமை அம்மாட உள்பாவாடை பறந்து போய் எதிர் வீட்டுக் கூரையில கிடந்தது, நான் தடியோட நிண்டதை ரோட்டில போனவனெல்லாம் பார்த்தான். பொழுதுபட முதல் பிள்ளைகளுட உடுப்பை உள்ளுக்கு எடுத்திடணும் எண்டு அம்மா ஒற்றைக் காலில நிப்பா. அவவுக்குப் பேய்ப் பயம், எனக்குக் கடல் ஈரம். காரணம் வேற வேற எண்டாலும் கொடி ஆறு மணிக்கு வெறுமையாகிடும்.

பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் போறதெண்டு சொன்னாய். கடலில குளிச்ச உடுப்பைக் காய வச்சா மட்டும் போதும் எண்டு நினைக்காதே. உப்பு காத்தில இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் போட்டாலும் பிசுபிசுப்பு போகாது. நல்ல தண்ணியில ரெண்டு தரம் அலசணும். ஒரு வாளியும் பத்து லீட்டர் கேனும் வேனில வச்சி விடுறன். மணலை மட்டும் ஈரத்தோட கசக்க வேண்டாம், துணி இழைக்குள்ள ஏறிடும். காய விட்டு, உள்பக்கம் வெளியில திருப்பி உதறினா தானா விழும். நீச்சல் உடுப்பைக் கல்லில அடிக்கிறதும் இல்ல, வெயிலில போடுறதும் இல்ல. அதுட இலாஸ்டிக் நம்மட வெயிலைத் தாங்காது. கரையில நீங்க என்ன போட்டாலும் ஆரும் கேட்க மாட்டாங்க, ஆனா பொத்துவில் டவுணுக்குள்ள கடைக்கு இறங்கக்குள்ள தோளில ஒரு துவாயாவது போட்டுக்கொள்ளுங்க. ஊர்ச் சனத்துக்கு அது மரியாதை.

நுவரெலியா ரெண்டு நாள் எண்டது எனக்கு விருப்பமில்லை, உனக்குத் தெரியும். அந்த மலைக் குளிருக்குத் துணி காயாது. போன முறை தங்கின இடத்தில தோய்க்கக் குடுத்து, பெரியவன்ட சிவப்பு ரீசேட்டோட எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு, மருமகன்ட வெள்ளைச் சேட்டு ரோசாப்பூ நிறத்தில திரும்பி வந்தது. உடுப்புக் கணக்கில காசும் வாங்கினாங்க. இந்த முறை அங்க எதையும் தோய்க்காம அழுக்கை ஒரு பையில கட்டிக்கொண்டு என்னட்ட வாங்க. ஜீன்ஸ் அங்க போடுங்க, இஞ்ச வேண்டாம். அவசரத்துக்குப் பிள்ளைகளுட காலுறை, உள்ளுடுப்பு மட்டும் எண்டா, நனைஞ்சதை ஒரு காய்ஞ்ச துவாய்க்கு நடுவில விரிச்சி, பாய் மாதிரிச் சுருட்டி, அதுக்கு மேல ஏறி மிதி. துவாய் தண்ணியைக் குடிச்சிடும். பிறகு கதிரை முதுகில போட்டா விடிய முதல் காயும். பிள்ளைகளை மிதிக்கச் சொன்னா விளையாட்டாச் செய்வாங்க.

இதை எழுதக்குள்ள 2004 சுனாமி ஞாபகம் வந்திட்டுது. முகாமில பள்ளிக்கூட வாங்குக்கு மேல நிவாரண உடுப்பு மூட்டையைக் கொட்டினாங்க. உனக்கு அப்ப 11 வயது. நமக்குக் கிடைச்சதில ஒண்டு கழுத்தில மயிர் வச்ச பெரிய குளிர்க் கோட்டு. அம்மா அதைச் சீமெந்துத் தரையில விரிச்சி உன்னைப் படுக்க வச்சா. எனக்கு ஒரே ஒரு சாரம். மாரி மழை விடல்ல, தோய்ச்சா காயாது, ஈரத்தோட கட்டிக்கொண்டு உடம்புச் சூட்டிலதான் காய வைப்பன். ஒண்டு உடம்பில, ஒண்டு கொடியில எண்டு ரெண்டாவது சாரம் கிடைச்ச அண்டைக்கு நான் பணக்காரன் மாதிரித் திரிஞ்சன். நீ சூட்கேசை மூட ஏலாம அதுக்கு மேல ஏறி இருந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வரல்ல மகள், சிரிப்புத்தான் வந்தது. இருந்தாலும் பாதியை இறக்கி வை.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு மருமகனுக்கு வேட்டி வாங்க வேண்டாம். என்னட்ட மூண்டு இருக்கு, கஞ்சி போட்டு மடிச்சி வச்சிருக்கன். பெரியவனுக்கு மட்டும் மருதமுனைக்குப் போய் கைத்தறிச் சாரம் ஒண்டு எடுப்பம், அவன் கட்டிப் பழகட்டும். பெல்ட் ஒண்டு கொண்டா, அவிழும்.

அயன் பெட்டி கொண்டு வராதே. உங்கட பிளக் சதுரக் கம்பி, நம்மட வீட்டில வட்டக் கம்பி. என்ட பழைய பெட்டி இன்னும் சுடுது.

ரயிலுக்கு மட்டும் கையில ஒரு பை வேற வை, ஆளுக்கொரு மாத்தும் ஒரு துவாயும். உதயதேவியில யன்னலைத் திறந்து வச்சி வந்தா வாழைச்சேனை வரக்குள்ள நாலு பேரும் புழுதி முட்டி இருப்பீங்க. ஸ்டேசனுக்கு நான் வருவன்.

சூட்கேசில இடம் மிஞ்சினா மரக் கிளிப் ரெண்டு டசின் கொண்டா. இஞ்சத்தப் பிளாஸ்டிக் கிளிப் வெயிலில மூண்டு மாசத்தில நொறுங்குது.

அன்புடன்,
அப்பா

பி.கு: அம்மா இதை வாசிச்சிட்டு, "எல்லாம் எழுதின மனுசன், நீலத்தைச் சரியாக் கரைக்காமப் போட்டு என்ட வெள்ளைச் சீலையெல்லாம் நீலப் புள்ளி விழுந்ததை எழுதல்லயே" எண்டு எழுதச் சொல்றா. எழுதிட்டன்.