டிரைடன்ட்டும் திருச்சபைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டனின் அணு ஆயுதப் புதுப்பிப்பு பற்றிய தலையங்கத்தில், திருச்சபைகள் வழக்கம்போல் சமாதானம் பேசின என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் மரபுகள் 1947-இல் ஒன்றுசேர்ந்த தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன் நான். பிரிட்டனில் உள்ள சபைகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீர்மூழ்கியிலிருந்து ஏவப்படும் டிரைடன்ட் அணு ஏவுகணைகளுக்காகப் புதிதாக நான்கு நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்ட, 2016 ஜூலை 18 அன்று 472-117 என்று நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. லட்சம் பேரைக் கொல்லக்கூடிய தாக்குதலுக்கு உத்தரவிடத் தயாரா என்ற கேள்விக்குத் தயங்காமல் 'ஆம்' என்ற அன்றைய பிரதமர் தெரசா மே, ஓர் ஆங்கிலிக்கன் குருவானவரின் மகள்! கப்பல்களின் தளம் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் 59 உறுப்பினர்களில் 58 பேர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அங்குள்ள கத்தோலிக்க ஆயர்கள் 2006-இலேயே வேண்டாம் என்றார்கள். ஸ்காட்லாந்து திருச்சபை அதற்கும் முன்பிருந்தே எதிர்க்கிறது. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளும் அதே பக்கம்தான்.

தடுமாறியது ஆங்கிலிக்கன் மரபின் தாய்ச்சபையான இங்கிலாந்து திருச்சபை. அணு ஆயுதத்தைப் பிரிட்டன் தானாகவே கைவிட வேண்டும் என்று அதன் சொந்தக் குழுவே 1982-இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டு அதன் ஆட்சிமன்றமான சினாட் அதை நிராகரித்தது. 2018-இல் யார்க்கில் கூடிய சினாட், ஐ.நா.வின் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை வரவேற்றது. கையெழுத்துப் போடு என்று மட்டும் அரசிடம் கேட்கவில்லை. சரி, அதுவாவது ஒரு படி என்று பார்த்தால், 2019 மே 3 அன்று லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அணு ஆயுத நீர்மூழ்கிகளின் 50 ஆண்டு இடைவிடாத ரோந்துக்கு ஆராதனை! உள்ளே இளவரசர் வில்லியம். வெளியே பிணம்போல் தரையில் படுத்துப் போராடியவர்கள். ஆராதனை வேண்டாமென்று குருமார்கள் பலர் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கேட்டிருந்தார்கள். அபே எந்தப் பேராயருக்கும் கீழ்ப்பட்டதல்ல, நேரடியாக மன்னரின் அதிகாரத்தில் உள்ளது என்று சமாதானம் சொல்லலாம். பார்த்தவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா?

ஆயுதத்தை ஆதரிக்கும் கிறிஸ்தவர்களுக்கு நீண்டகாலம் கைகொடுத்தது போப் இரண்டாம் ஜான்பால் 1982-இல் ஐ.நா.வுக்கு அனுப்பிய செய்தி. படிப்படியாக ஆயுதங்களைக் குறைக்கும் வழியில் ஒரு கட்டமாக இருந்தால் மட்டும், அணு ஆயுதத்தைக் காட்டி அச்சுறுத்தி எதிரியைத் தடுப்பதை ஏற்கலாம் என்றார் அவர். ஆனால் குறைகிறதா? அணுகுண்டுகளை 180 ஆகக் குறைப்போம் என்றிருந்த பிரிட்டன், 2021 மார்ச்சில் உச்சவரம்பை 260 ஆக உயர்த்தியது. புதிய கப்பல்களோ 2030-களில் கடலிலிறங்கிப் பல பத்தாண்டுகள் ஓட வேண்டியவை. போப் பிரான்சிஸ் 2019-இல் ஹிரோஷிமாவில் நின்று, அணு ஆயுதம் வைத்திருப்பதே ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டார்.

ஆகவே போப் ஜான்பாலின் 1982-ஆம் ஆண்டுச் சலுகையை இன்னும் எடுத்துக்காட்டும் சபைத் தலைவர்கள், அந்தக் கட்டம் எந்த ஆண்டோடு முடிகிறது என்பதையும் சொல்லட்டும். தங்கள் நிருபர் அதை அவர்களிடம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை